பின் சக்கரத்து பிரேக்கின் பூர்வீகக் கதை

"பிரேக்குக்கு என்னங்க வரலாறு? மிதிச்சா நிக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டார் தங்கமணி. நியாயமான கேள்வி. 2018 ஜூலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு மராட்டியப் பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காகா. அவரிடம் ஒரு பழைய ஷெவர்லே பிக்கப் உண்டு. 3100 என்கிற அரை டன் வண்டி, 1952 மாடல். உருண்டை முகப்பு, ஆறு சிலிண்டர் என்ஜின், பின்னால் மரப்பலகை போட்ட தொட்டி. காகாவின் அப்பா அந்தக் காலத்தில் நாசிக் பக்கத்திலிருந்து பைகுல்லா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வந்த வண்டி அது. அப்பா போய்விட்டார், வியாபாரமும் போய்விட்டது, வண்டி மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒரு சுற்று போய்வருவதோடு சரி. மற்ற நாளெல்லாம் கட்டடத்துக்குள் ஏறும் சரிவுப் பாதையின் ஓரத்தில், மூக்கை மேல்நோக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த ஜூலையில் ஒரு காலை. விடாத மழை. எட்டு வயது மகனோடு கேட் அருகே பள்ளிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். காகா வண்டியை வெளியே எடுக்கிறார். திருப்பிக்கொண்டு சரிவில் மெதுவாகத்தான் வந்தார். கேட் பக்கத்தில் பிரேக்கை மிதித்தார். வலது பின் சக்கரம் மட்டும் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. காலித் தொட்டியோடு வண்டியின் வால் அப்படியே சுழன்று வந்து கேட் தூணில் இடித்து நின்றது. தூணுக்கும் என் பையனுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வாயிலிருந்து என்னென்னவோ வந்துவிட்டது. எழுபது வயதுக்காரரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தைகள். "இதைக் காயலான் கடைக்குப் போடுங்க" என்பது அதிலேயே கொஞ்சம் மரியாதையானது. காகா பதில் பேசவில்லை. கை நடுங்க வண்டியைத் திரும்ப அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ரெண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்று, "நீ சொன்னது சரி. ஆள் வரச் சொல்லியிருக்கேன். வித்துடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் வேலை பார்ப்பது கணினித் துறையில். ஒரு பிழை வந்தால் நிரலையே தூக்கிக் குப்பையில் போடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் காகாவிடம் சொன்னது அதைத்தானே? "ஒரு மாசம் பொறுங்க காகா, என்னன்னு பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு மாசம் மூணு மாசமானது. பிரேக்கைக் கழற்ற ஆரம்பித்தபோது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வருஷமும் ஒரு கதையும் இருப்பது தெரிந்தது. அந்தக் கதை தெரியாமல் கோளாறும் பிடிபடவில்லை. சரி, கதைக்கு வருவோம்.

முதல் விஷயம். பிரேக் குடும்பத்தில் பின் பிரேக்தான் மூத்த பிள்ளை. முன் பிரேக் ரொம்ப நாள் கழித்துப் பிறந்தது.

ஆரம்ப கால மோட்டார் வண்டிகளில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். திரும்புகிற சக்கரத்துக்குக் கம்பியும் நெம்புகோலும் வைத்து பிரேக் கொடுப்பது பெரிய தொல்லை. முன்னால் பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும், குப்புறக் கவிழும் என்ற பயமும் இருந்தது. பிரான்ஸில் லூயி ரெனோ 1902-ல் டிரம் பிரேக்கை உருப்படியாகக் கொண்டுவந்தார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புக் கிண்ணம், உள்ளேயிருந்து இரண்டு பிறை வடிவக் கட்டைகள் விரிந்து அதன் சுவரில் உரசும். அந்தக் கட்டைதான் ஷூ. அதன் மேல் ஒட்டியிருப்பது லைனிங். காகாவின் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதே சாமான்தான்.

பிக்கப் என்ற வண்டி பிறந்ததும் பின் பிரேக் காலத்தில்தான். அதற்கு முன்பே விவசாயிகள் காரின் பின்பக்கத்தை அறுத்துத் தாங்களே தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டு 1925 ஏப்ரலில் மாடல் டி காரில் தொழிற்சாலையிலேயே தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. அந்த வண்டியில் கால் பிரேக் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பட்டையை இறுக்கும். கை பிரேக் பின் டிரம்முக்குப் போகும். எப்படிப் பிடித்தாலும் நிற்பது பின் சக்கரம்தான். முன் சக்கரம் சும்மா உருண்டுகொண்டே போகும்.

இதில் என்ன தப்பு? மும்பை பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம். வண்டியின் எடையும் அதே மாதிரி முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையில் அழுந்தும், பின் சக்கரம் லேசாகும். லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது வழுக்கத்தான் செய்யும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேராகப் போகும். பின் சக்கரம் வழுக்கினாலோ வால் முன்னால் வரப் பார்க்கும். எங்கள் கேட் வாசலில் நடந்தது இதுதான்.

இதை உணர்ந்து 1920-களில் நாலு சக்கர பிரேக் பரவியது. அமெரிக்காவில் டூசன்பர்க் 1921-லேயே நாலு சக்கரத்துக்கும், அதுவும் திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக் கொடுத்தது. ஆனால் அது கோடீஸ்வரர்களின் கார். 1924-ல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. ஷெவர்லேவுக்கு நாலு சக்கர பிரேக் 1928-ல்தான் வந்தது. அந்தக் காலத்தில் சில கார்களின் முதுகில் 'நாலு சக்கர பிரேக் உள்ள வண்டி' என்று எச்சரிக்கைத் தகடு மாட்டியிருப்பார்களாம். முன்னால் போகிறவர் சட்டென்று நின்றுவிடுவார், பின் பிரேக் மட்டும் உள்ள நீங்கள் போய் முட்டிக்கொள்ளாதீர்கள் என்பதற்காக :-)

திரவ பிரேக்கின் பின்னே ஒரு அண்ணன் தம்பி கதை இருக்கிறது. மால்கம் லாக்ஹீட், ஆலன் லாக்ஹீட் என்று இரண்டு சகோதரர்கள். ஆலன் பெயரைத்தான் நாம் விமானக் கம்பெனியின் பெயராகக் கேள்விப்பட்டிருக்கிறோம். மால்கம் 1917-ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். காலால் ஒரு சிலிண்டரை அழுத்தினால் குழாய் வழியே அந்த அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவில் போகும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். தொடக்கத்தில் தோல் வாஷர்கள் கசிந்து மானத்தை வாங்கின. கிரைஸ்லரின் பொறியாளர்கள் அதை ரப்பர் கப்பாக மாற்றிய பிறகுதான் நிம்மதி. அன்றைய பிரேக் ஆயில் எது தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது! ஷெவர்லே 1936-ல் திரவ பிரேக்குக்கு மாறியது. ஃபோர்டு மட்டும் இரும்புக் கம்பிதான் நம்பிக்கையானது என்று அடம்பிடித்து, 1939 மாடலில்தான் இறங்கி வந்தது.

நாங்கள் முதலில் சோதித்ததும் இந்த 1917-ஆம் வருஷத்துச் சமாச்சாரத்தைத்தான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் கப் போய்விட்டது. மிதித்துவிட்டு எடுத்த பிறகும் சக்கரம் விடவில்லை என்றால் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பின் சக்கரம் இரண்டுமே விடவில்லையா? சட்டகத்திலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் அது ஒன்றுதான் வழி. வயசானால் உள்ளுக்குள்ளேயே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் விடவில்லையா? அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம், ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மும்பை மழையில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு வீல் சிலிண்டர் துருப்பிடிப்பது தலையெழுத்து.

காகாவின் வண்டியில் இடது பின் சக்கரம் சுத்தமாக இருந்தது. வலது டிரம்மைக் கழற்றினால், ஷூ முழுக்க எண்ணெய்.

அடுத்த கேள்வி, அது என்ன எண்ணெய்? பிரேக் ஆயில் என்றால் மெல்லியதாக இருக்கும், தண்ணீரில் கரைந்து போகும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும், தண்ணீரோடு சேராது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, கியர் ஆயில். பின் ஆக்சிலின் ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். "சீலை ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை மாத்தியாச்சே" என்றார் காகா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் நன்றாக இருக்கும், மூணாவது மாசம் மறுபடி கவ்வுமாம்.

எண்ணெய் பட்டால் வழுக்கத்தானே வேண்டும், ஏன் கவ்வுகிறது? எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. முழுக்க நனைந்தால் வழுக்கும். அரைகுறையாக ஊறி, சூட்டில் பிசினாகிவிட்ட லைனிங் ஒட்டிப் பிடிக்கும். அதோடு இந்த வண்டியின் பிரேக் வகையும் சேர்ந்துகொள்கிறது. அங்கேதான் அடுத்த கதை.

பிரான்ஸ்காரர் ஆன்றி பெரோவின் பிரேக் உரிமைகளை வாங்கி, அமெரிக்கர் வின்சென்ட் பென்டிக்ஸ் 1924-ல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனியின் பெயரால் புகழ்பெற்ற டிரம் பிரேக்கின் சூட்சுமம் இது. இரண்டு ஷூவும் கீழே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு மிதந்துகொண்டிருக்கும். பிரேக் பிடித்ததும் சுற்றுகிற டிரம் முன் ஷூவையும் தன்னோடு இழுக்கும். அது பின் ஷூவைத் தள்ளும். பின் ஷூ மேலே உள்ள முளையில் முட்டிக்கொண்டு டிரம்மில் இன்னும் அழுந்தும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்தால் கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகுமே, அந்த மாதிரி. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவுகிறது. கால் பலம் கொஞ்சம் போதும். பவர் பிரேக் இல்லாத காலத்தில் இது வரப்பிரசாதம்.

ஆனால் வரத்தோடு சாபமும் உண்டு. பத்தில் ஒரு பங்கு அதிகம் உரசினால் பிரேக்கும் பத்தில் ஒரு பங்குதான் அதிகம் பிடிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சிறிய வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு பக்க லைனிங் கொஞ்சம் ஒட்டினால் அந்தப் பக்கச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இன்னொரு வம்பு, முன் ஷூவின் லைனிங் குட்டையாகவும் பின் ஷூவின் லைனிங் நீளமாகவும் இருக்கும், பெரும்பாலான வேலையைப் பின் ஷூதான் செய்கிறது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டால் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. எத்தனையோ வண்டிகளில் இது நடக்கிறது.

ஷெவர்லே அரை டன் பிக்கப்பில் இந்த பென்டிக்ஸ் பிரேக் 1951 மாடலில் வந்தது. அதற்கு முன் 1936 முதல் 1950 வரை ஹக் என்ற வேறு வகை. இரண்டுக்கும் சாமான் பொருந்தாது. உங்கள் வண்டி எந்தக் காலத்தது என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதைவிட டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது மேல். சரிசெய்யும் பல் சக்கரம் கீழே இரண்டு ஷூவுக்கும் நடுவில் இருந்தால் பென்டிக்ஸ். மேலே வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருந்தால் ஹக். காகாவின் வண்டியில் கீழேதான் இருந்தது.

இந்த வண்டி மும்பைக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரி. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டும் தொழிற்சாலை வைத்திருந்தது. இன்று சிவ்ரி என்றால் ஃபிளமிங்கோ பறவையும் 2024 ஜனவரியில் திறந்த கடல் பாலமும்தான் நினைவுக்கு வரும். உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்று 1953-ல் சுங்கவரிக் கமிஷன் பரிந்துரைத்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டுமே கிளம்பிவிட்டன. வண்டிகள் மட்டும் இங்கேயே தங்கின. சாமானுக்கு எங்கே போவது? அளவு எடுத்துப் பார்த்துப் பொருத்துவது என்ற கலை நம் மெக்கானிக்குகளுக்கு அப்படித்தான் கைவந்தது. பிறகு 1962-ல் நம்ம சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. டி.வி.எஸ். குடும்பமும் இங்கிலாந்தின் கெர்லிங் பிரேக்குக்குச் சொந்தக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. ஒரு காலத்தில் கப்பலில் வந்துகொண்டிருந்த சமாச்சாரம், பாடி பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே தெரிகிற கட்டடமாகிவிட்டது.

சரி, கசிவுக்கு வருவோம். மூணாவது முறை புது சீல். அச்சு ஆடினால் சீல் தேயும் என்பதால் பேரிங்கும் பார்த்தோம், நன்றாக இருந்தது. பல வண்டிகளில் பின் ஆக்சிலின் மூச்சுத்துளை அழுக்கால் அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். அதையும் யோசித்தோம். எதிலும் குற்றமில்லை. ஆனால் மூணு வாரத்தில் டிரம்முக்குக் கீழே மறுபடி ஒரு கறுப்புச் சொட்டு.

அப்போதுதான் அலுவலக நண்பர் ஒருவர், தாராவி ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிப் பெரியவரைப் பற்றிச் சொன்னார். பதினாறு வயதில் ரயிலேறி வந்தவர், பழைய அமெரிக்க லாரிகளில்தான் தொழில் கற்றவர். கூட்டிவந்தேன். வண்டியைத் தொடவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்தார். சரிவையும் வண்டி நிற்கிற விதத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"தம்பி, கியர் பாக்ஸ்ல ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்தியளா?"

"கோளாறு பின் பிரேக்குல ஐயா" என்றேன், அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று.

"அது தெரியும். கியர் பாக்ஸைத் தொறங்க, சொல்லுதேன்."

திறந்தோம். விரலை விட்டால் ஆயில் எட்டவே இல்லை. பிறகு பின்னால் போய் டிஃபரன்ஷியலின் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததுதான் தாமதம், ஆயில் குபுகுபுவென்று கொட்டியது. "பாத்தியளா? இங்க இருக்க வேண்டியது அங்க போயிக் கெடக்கு. இடம் கொள்ளாம அது சீலைத் தாண்டி வெளிய வருது. நீங்க சீலை மாத்திக்கிட்டே இருந்தா அது என்ன செய்யும் பாவம்?"

இதற்குள் இருந்த வரலாறு இதுதான். பெரும்பாலான லாரிகளில் கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் வெளியே திறந்தபடி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஷெவர்லே அரை டன் வண்டியில் அப்படியில்லை. ஷாஃப்ட் ஒரு மூடிய இரும்புக் குழாய்க்குள் ஓடும். பின் சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையை அந்தக் குழாயே தாங்கும். குழாயின் முன் முனை கியர் பெட்டியோடு ஒட்டியிருக்கும், பின் முனை டிஃபரன்ஷியலோடு. முன் முனையில் ஒரு புஷ்ஷும் சீலும்தான் கியர் பெட்டி ஆயிலுக்குக் காவல். அறுபத்தைந்து வருஷத்தில் அந்தக் காவல் தேய்ந்துவிட்டால், ஆயில் குழாய் வழியே பின்னால் ஓடி டிஃபரன்ஷியலில் சேரும். அங்கே மட்டம் உயர்ந்து, ஆக்சில் குழாய் வழியே சக்கரம் வரை போய், கடைசியில் பிரேக் ஷூவை நனைக்கும். 1955-ல் வந்த புதிய வரிசையில் ஷெவர்லே இந்த மூடிய குழாயைக் கைவிட்டுத் திறந்த ஷாஃப்டுக்கு மாறிவிட்டது. நம்ம வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் மூணு வருஷத்தில் தவறிப்போனது.

அது ஏன் வலது சக்கரம் மட்டும்? பெரியவர் சரிவைக் காட்டினார். வண்டி வருஷக்கணக்காக மூக்கை மேலே வைத்து நிற்கிறது. ஆயில் பின்னால் இறங்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். பாதையின் ஓரம் மழைத்தண்ணீர் ஓட வலப்பக்கம் சாய்வாகக் கட்டியிருக்கிறார்கள். வழிகிறது வலது பக்கம்தான் வழியும். பிரேக் சாமான் எதிலும் பிழையில்லை. பிழை ஆறடி முன்னால் இருந்தது. நான் ரெண்டு மாசமாக எண்ணெய் வந்து சேர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கிருந்து கிளம்பியது என்று கேட்கவே இல்லை.

பின் ஆக்சிலைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளினால்தான் அந்த புஷ்ஷைத் தொட முடியும். மூணு நாள் வேலை. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா என்று கேட்டேன். "சூடேறினா உள்ள இருக்கது மறுபடி கக்கும் தம்பி" என்றார். ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் விடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே லைனிங்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். குர்லாவில் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்து வாங்கினோம். பழைய தூசியைக் காற்றடித்து ஊதவும் விடவில்லை, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். "எங்கூட வேல பாத்த ரெண்டு பேரு இருமியே போயிட்டான்" என்றார், டிரம்மைத் துடைத்துக்கொண்டே.

கடைசியாக ஒரு விவாதம். காகாவின் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், டிரைவர் காலடிப் பலகைக்குக் கீழே இருக்கும். ஒரே அறை. முன்னும் பின்னும் அந்த ஒன்றிலிருந்துதான் ஆயில் போகிறது. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நாலு சக்கரமும் கை விரித்துவிடும். அமெரிக்கக் கார்களிலும் பிக்கப்களிலும் 1967 மாடல் வாக்கில்தான் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் பரவலானது. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். அதைப் போட்டுவிடலாம் என்றார் பெரியவர். காகாவுக்கு மனசில்லை. அப்பா ஓட்டிய வண்டி, ஒரு திருகு கூட மாறக்கூடாது என்பது அவர் விரதம். பெரியவர் வாதாடவில்லை. கேட் தூணில் வண்டி இடித்த தடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். காகா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போடுங்க" என்றார்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு குறை தீராது. அது பிக்கப்பின் ஜாதகக் கோளாறு. அரை டன் ஏற்றினால் பின் சக்கரத்துக்கு நல்ல பிரேக் வேண்டும். காலியாக ஓடினால் அதே பிரேக் அதிகம். காகாவின் அப்பா காய்கறி மூட்டையோடு காசாரா மலைச்சாலையில் இறங்கியபோது ஒழுங்காகப் பிடித்த பிரேக், காலி வண்டியில் மகனை ஏமாற்றியது. இதற்கு வழி தேடித்தான் பிற்காலப் பொறியாளர்கள் அலைந்தார்கள். ஷெவர்லே பிக்கப்பின் முன் சக்கரத்துக்கு 1971-ல் டிஸ்க் பிரேக் வந்தது, வேலையின் பெரும் பங்கு முன்னால் போனது. ஜப்பானிய பிக்கப்களில் பின் ஆக்சில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு வைத்தார்கள். ஃபோர்டு 1987-ல் எஃப் வரிசை பிக்கப்புக்குப் பூட்டாத பிரேக் கொடுத்தபோது, அதைப் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் கொடுத்தது! 1925-ல் பின் சக்கரத்தில் மட்டும் பிரேக்கோடு பிறந்த வண்டி, அறுபத்திரண்டு வருஷம் கழித்து அதே பின் சக்கரத்தை அடக்க மின்னணு மூளையைத் தேட வேண்டி வந்தது. காகாவின் வண்டிக்கு அதெல்லாம் இல்லை. தொட்டியில் பின் ஆக்சிலுக்கு மேலே நாலு மணல் மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறார். மழையில் வண்டியை எடுப்பதில்லை.

நம்மில் பல பேருக்கு ஊரில் அப்பா காலத்து ஜீப்போ அம்பாசடரோ மேட்டடோரோ கொட்டகையில் நிற்கும். பொங்கலுக்குப் போகும்போது பேட்டரி போட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போவோம். தயவுசெய்து அதற்கு முன் சில விஷயம் பாருங்கள். பெடலை ஒரு நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள், இறங்குகிறதா? சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா? இருந்தால் விரலில் தொட்டு எது என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எடுத்தபின் பின் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா? பிரேக் ஆயில் குறைந்திருந்தால் கையில் கிடைத்த என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் ஜாம் ஆகும். ஹோஸுக்கு வயசு தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அந்த வருஷம் அக்டோபரில் தசரா வந்தது. காகா வண்டியைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, பெரியவரையும் அழைத்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். காகா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஜூலை மாதம் கத்தியதற்கு அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பையனைத் தூக்கி அவர் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

சரிவில் இறங்கி, கேட் அருகே பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நின்றது.

இப்போதெல்லாம் காகா வண்டியை மூக்கைக் கீழ்நோக்கித்தான் நிறுத்துகிறார்.